கடைப் பிள்ளைகளும் சொலிசிட்டர் படிப்பும்

கிழக்கு லண்டனில் பலசரக்குக் கடை நடத்தும் நமது அங்கத்தவர் ஒருவர் சென்ற மாதம் நம்மைச் சந்தித்தார். மகளுக்குச் சட்டத்தில் விருப்பம். பல்கலைக்கழகச் செலவு, அதன்மேல் இன்னொரு படிப்பு, பிறகு பயிற்சி தரும் நிறுவனத்தைத் தேடி அலைச்சல். "கடையை விற்றாலும் கட்டாது போலிருக்கிறதே, வேறு வழி இல்லையா?" என்று கேட்டார்.

இருக்கிறது. முன்னர் எல்.பி.சி. படிப்பை முடித்தும் பயிற்சி ஒப்பந்தம் கிடைக்காமல் நின்றுபோன பிள்ளைகள் பலர். 2021 செப்டம்பரில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் எஸ்.கியூ.ஈ. என்ற பொதுப் பரீட்சை வந்தது. ஏதாவது ஒரு பட்டம் அல்லது அதற்குச் சமமான தகுதி, பரீட்சையின் இரு பகுதிகள், இரண்டு வருட வேலை அனுபவம், நன்னடத்தைச் சோதனை ஆகியவையே தேவை. அனுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்துப் பெறலாம். சிறிய சொலிசிட்டர் அலுவலகத்தில் பாராலீகலாக இருந்ததும், இலவசச் சட்ட ஆலோசனை நிலையத்தில் ஊதியமின்றி உதவியதும் கணக்கில் சேரலாம். ஆனால் அதைச் சொலிசிட்டர் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். வேலையில் சேரும் நாளிலேயே இதைப் பேசிக்கொள்வது நல்லது. கடனுக்குச் சரக்குக் கொடுக்கும்போது கையெழுத்து வாங்குகிறோமல்லவா?

செலவு குறைவென்று எண்ண வேண்டாம். 2021இல் 3,980 பவுண்டாக இருந்த பரீட்சைக் கட்டணம் இப்போது 5,000ஐ நெருங்குகிறது. ஆயத்த வகுப்புக்குத் தனிப்பணம். முதற்பகுதியில் 360 கேள்விகள். பல தடவைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் தேறினர். ஆறு வருடங்களுக்குள் மூன்று வாய்ப்புகளே உண்டு. 2024இல் 175 பேருக்குத் தவறாக 'தோல்வி' என்று அறிவித்துப் பின்னர் திருத்தியதும் நடந்தது.

நமக்குப் பிடித்தது 2016இல் தொடங்கிய அப்ரென்டிஸ் வழி. ஏ லெவல் முடித்த பிள்ளை சம்பளம் வாங்கிக்கொண்டே சுமார் ஆறு வருடத்தில் பட்டமும் பெற்றுச் சொலிசிட்டராகலாம்; படிப்புக் கட்டணம் பிள்ளையின் தலையில் விழாது. போட்டிதான் கடுமை. 2026 ஜனவரி முதல் இங்கிலாந்தில் இதற்கான அரச நிதி பெரும்பாலும் 21 வயதுக்குள் தொடங்குவோருக்கே. ஆகவே "ஒரு வருடம் கடையில் நில், பிறகு பார்ப்போம்" என்று சொல்லும் தகப்பன்மார் யோசிக்க வேண்டும்.

சைலெக்ஸ் வழியாகப் படிப்படியாகவும் முன்னேறலாம்.

தகுதி பெற்றதும் நகரத்துப் பெரிய நிறுவனம் அழைக்கும் என்று எவரும் உறுதி தர முடியாது. வீடு விற்பனை, கடைக் குத்தகை, குடிவரவு, உயில் ஆகியவற்றில் சிறிய அலுவலகங்களிலும் வேலை உண்டு. 1954ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டம் தரும் புதுப்பிப்பு உரிமையை, என்னவென்று அறியாமலே கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

அங்கத்தவரின் மகளுக்கு இப்போது பதினேழு வயது. ஐந்து இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். சனிக்கிழமைகளில் வழக்கம்போல் கல்லாவில் நிற்கிறாள்.