உறக்கம் கெட்டால் வலி வளருமா?

இராமேசுவரம் தீவின் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்களே கடலுக்குச் செல்கின்றன. மற்ற நாட்கள் நாட்டுப் படகுகளுக்கு உரியவை. காலையில் அனுமதிச் சீட்டு பெற்றுப் புறப்படும் விசைப்படகு, இரவெல்லாம் மடி இழுத்து, மறுநாள் காலையில் கரை திரும்பும். இடையில் உறக்கம் என்பது, எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே தளத்தில் சாய்ந்து எடுக்கும் கண்ணயர்வுதான். மடியைத் தூக்கி மீனைக் கொட்டும் ஒவ்வொரு முறையும் எழுந்தாக வேண்டும்.

இத்தகைய தொழிலில் பல்லாண்டு உழைத்தவருக்கு முதுகும் தோளும் ஓயாமல் வலித்தால், கயிறு இழுத்த வலி என்போம். அது உண்மைதான். ஆனால் கரையில் ஓய்ந்து இருக்கும் நாளிலும் வலி விடாமல் தொடர்வது ஏன்?

வலி இருந்தால் உறக்கம் வராது என்பது எல்லோரும் அறிந்ததே. உறக்கம் கெட்டால் வலி வருமா என்று திருப்பிக் கேட்டவர், கனடா நாட்டின் டொராண்டோ நகர மருத்துவர் ஹார்வி மோல்டாஃப்ஸ்கி. நம் உறக்கம் இரவு முழுதும் ஒரே தன்மையாக இருப்பதில்லை. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தால், ஆழ்ந்த உறக்கத்தில் டெல்டா எனப்படும் மெதுவான பெரிய அலைகள் தோன்றும். உடல் வலி நீங்காத நோயாளிகள் சிலரிடம் இந்த அலைகளோடு, விழிப்புக்கு உரிய ஆல்ஃபா அலைகளும் கலந்து வருவதை அவர் கண்டார். 1975ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், நலமாக இருந்த இளைஞர்கள் சிலரைத் தூங்கவிட்டு, டெல்டா அலைகள் தோன்றும்போதெல்லாம் ஓர் ஒலியை எழுப்பி அந்த ஆழத்தைக் கலைத்தனர். மூன்று இரவுகள் இப்படிக் கழிந்தன. தசைகளில் வலி தோன்றியது. அழுத்தினால் முன்னைவிட அதிகம் நொந்தது. தடையின்றித் தூங்கவிட்டதும் குறைந்தது. சிறிய சோதனைதான், பின்னர் செய்தவர்கள் எல்லோருக்கும் அதே விடை கிடைக்கவில்லை. எனினும் கேள்வி நிலைத்துவிட்டது.

வலி காயத்தில் மட்டும் உண்டாவதன்று. காயத்திலிருந்து நரம்பு வழியே செய்தி தண்டுவடத்துக்கு வருகிறது. அங்கே ஒரு கதவு இருப்பதுபோல் சில செய்திகள் மேலே விடப்படுகின்றன, சில தடுக்கப்படுகின்றன என்று 1965இல் மெல்சாக், வால் என்னும் இருவர் விளக்கினர். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை எண்ணிக்கொள்ளுங்கள். நடுப்பகுதியைத் தூக்கியபோது கப்பல் கடந்தது; இறக்கியபோது காத்து நின்றது. வலிச் செய்திகளைக் காக்க வைக்கும் ஆணை மூளையிலிருந்து கீழே வருகிறது. உறக்கம் கெட்ட மூளையில் இந்த ஆணை தளர்ந்துவிடுகிறது.

2007இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்தனர். நலமுள்ள பெண்களில் ஒரு பிரிவினரை இரவில் பல முறை எழுப்பினர். மற்றொரு பிரிவினருக்கு மொத்த நேரம் அதே அளவு, ஆனால் தொடர்ச்சியான உறக்கம். வலியைத் தடுக்கும் ஆற்றல் குறைந்தது முதல் பிரிவினருக்கே. மணிக்கணக்கைவிட இடையறாமை முக்கியம் என்பது தெரிகிறது. மடி தூக்க எழும் படகுத் தொழிலாளரின் இரவு முதல் பிரிவைச் சேர்ந்தது அல்லவா?

2019இல் பெர்க்லியில் செய்த ஆய்வில், ஓர் இரவு முழுதும் விழித்தவர்களின் காலில் வெப்பம் படச் செய்தபோது, வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பமே வலித்தது. மூளையில் வலியை உணரும் பகுதி கூடுதலாக இயங்கியது. வலியை மதிப்பிட்டுத் தணிக்கும் பகுதிகள் சோர்ந்தன. நார்வேயில் பெண்களைச் சுமார் பத்தாண்டுகள் கவனித்தபோதும், அடிக்கடி உறக்கம் கெட்டவர்களுக்கே ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நாட்பட்ட உடல்வலி அதிகம் வந்தது.

வலித்தால் கடையில் டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கி விழுங்குவது எங்கும் காணும் வழக்கம். நாள்தோறும் விழுங்கினால் இரைப்பையில் புண் வரலாம். வெயிலில் நீர் வற்றிய உடலில் சிறுநீரகம் கெடலாம். தூங்குவதற்காகக் குடிப்பதும் பயன் தராது. மது கண்ணை மூட வைக்கும். பின்னிரவில் உறக்கத்தைக் கலைக்கும்.

கரை திரும்பிய பகலில் இருட்டான, சந்தடியற்ற அறையில் ஒரே மூச்சாக உறங்க வீட்டார் இடம் கொடுப்பது நல்லது. படுக்குமுன் தேநீர் வேண்டாம். வாரக்கணக்கில் வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் வலியோடு உறக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். உறக்கமின்மைக்கு மாத்திரை இல்லாத நடத்தை மருத்துவம் உண்டு. அதனால் உறக்கம் நன்கு சீராகும், வலி ஓரளவே குறையும். கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ காத்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இரவுகள் வீட்டில் கழியும். கடற்கரை ஊர் மாணவர்கள் ஒரு நோட்டில் தந்தையின் உறக்க நேரம், எத்தனை முறை விழித்தார், காலையில் வலி பத்துக்கு எத்தனை என்று நாள்தோறும் குறித்து வரலாம். கடலுக்குப் போகும் மாதங்களிலும் அவ்வாறே குறித்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.