குழலின் நீளமும் குறியின் துல்லியமும்

பாரீஸ் ஒலிம்பிக்கில் 2024-ஆம் ஆண்டு 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிள் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் வென்றார். துப்பாக்கி சுடுதலில் எனக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு என்பதை அறிந்த பெற்றோர் சிலர், அதன் பிறகு என்னிடம் அடிக்கடி இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். பிள்ளைக்கு எவ்வளவு நீளமான குழலுள்ள ரைஃபிள் வாங்கலாம்? எந்தத் தோட்டா அதிக வேகமாகப் பாயும்? இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. குழல் நீண்டால், மருந்து மிகுந்தால், குறி தப்பாது என்பதே அது. தரமான போட்டி ரைஃபிள் ஒன்றின் விலை பல லட்சம் ரூபாய். அவ்வளவு பணமும் இந்த நம்பிக்கையின் பேரில் செலவாவதால், இது எந்த அளவுக்கு உண்மை என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் 50 மீட்டர் போட்டியையே எடுத்துக்கொள்வோம். இதில் பயன்படுவது 0.22 அங்குல விளிம்புத் தோட்டா. அதன் ஈயக் குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்; குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் வட்டத்தைத் தொட்டாலே பத்துப் புள்ளி கிடைக்கும் என்பதால், இலக்கின் மையத்திலிருந்து குண்டின் மையம் 8 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். இவ்வளவு நுட்பமான போட்டிக்கான தோட்டா, கடையில் கிடைப்பவற்றில் வேகம் குறைந்த வகையைச் சேர்ந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும். அது நொடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர் வேகத்தில்தான் குழலைவிட்டு வெளியேறுகிறது. ஒலியின் வேகம் ஏறத்தாழ 340 மீட்டர். ஒலியை முந்திப் புறப்பட்ட குண்டு, வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது காற்றின் அழுத்த மாற்றங்களால் சற்றே தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தைத் தவிர்க்கவே வேகத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சிறு தோட்டாவில் உள்ள வெடிமருந்து, குண்டு 40 முதல் 45 சென்டிமீட்டர் தொலைவு நகர்வதற்குள் எரிந்து முடிந்துவிடும். அதற்குமேல் குழல் நீண்டால் உராய்வுதான் மிஞ்சும். வேகம் கூடாது, சற்றுக் குறையவும் செய்யும். அப்படியானால் போட்டி ரைஃபிள்களின் குழல் பெரும்பாலும் 65 முதல் 70 சென்டிமீட்டர் வரை நீண்டிருப்பது ஏன்?

விடை குறிபார்க்கும் கருவியில் இருக்கிறது. ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் தொலைநோக்கி பொருத்த அனுமதி இல்லை. கண்ணருகே ஒரு சிறு துளை, குழல் முனையில் ஒரு வளையம், அப்பால் இலக்கு. இவை மூன்றும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். துளைக்கும் வளையத்துக்கும் இடையே 60 சென்டிமீட்டர் இருக்கிறது என்று கொள்வோம். வளையத்தைத் துளையின் மையத்தில் வைப்பதில் 0.1 மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால், 50 மீட்டர் தொலைவில் அது 8.3 மில்லிமீட்டராகப் பெருகும். பத்து என்பது ஒன்பதாகிவிடும். இடைவெளியை 80 சென்டிமீட்டராக்கினால் அதே பிழை 6.3 மில்லிமீட்டர்தான், பத்து தப்பிப் பிழைக்கும். இந்தப் போட்டியில் நீளம் உதவுவது கண்ணுக்கு. குண்டுக்கு அதனால் ஆதாயம் எதுவுமில்லை.

இதைப் புரிந்துகொண்ட உற்பத்தியாளர்கள் ஓர் எளிய வழியைக் கண்டார்கள். குழலைக் குட்டையாக வைத்து, அதன் முனையில் அகன்ற வெற்றுக் குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். குண்டு அந்தக் குழாயைத் தொடாமல் கடந்து போகும். முன்வளையமோ குழாயின் நுனியில் நிற்கும். 10 மீட்டர் காற்று ரைஃபிளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். போட்டி விதி 850 மில்லிமீட்டர் வரை நீளத்தை அனுமதிக்கிறது. பார்வைக்கு நீண்ட குழல்போல் தோன்றினாலும், உள்ளே இருக்கும் உண்மையான குழல் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர்தான். ஆகவே, ரைஃபிளை வெளியிலிருந்து அளந்து குழலின் நீளத்தைச் சொல்லும் விற்பனையாளரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

நீளம் உண்மையிலேயே வேகம் தரும் இடமும் உண்டு. அது நெடுந்தொலைவுப் போட்டி. 1860-ஆம் ஆண்டு லண்டனை அடுத்த விம்பிள்டனில், விட்வொர்த் ரைஃபிளால் முதல் குண்டைச் சுட்டு விக்டோரியா அரசி தொடங்கிவைத்த போட்டிகள், 1890 முதல் பிஸ்லி என்னும் ஊரில் நடந்து வருகின்றன. அங்கே அரசர் பரிசுக்கான இறுதிச் சுற்று 900, 1,000 கெஜத் தொலைவுகளில் நடைபெறும். 1930-இல் மார்ஜரி ஃபாஸ்டர் என்ற பெண்மணி அந்தப் பரிசை வென்றார். பெண்ணொருவர் அதை வென்றது அதுவே முதல்முறை. 1,000 கெஜம் என்றால் 914 மீட்டர்.

இத்தகைய நெடுந்தொலைவுப் போட்டிகளில் இன்று பெரிதும் பயன்படும் தோட்டா 308 வின்செஸ்டர். அதன் 155 கிரெய்ன் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால்தான், இலக்கை அடையும்வரை ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்காமல் இருக்கும். இங்கே மருந்தின் அளவு அதிகம். அது உண்டாக்கும் வாயு நீண்ட குழலிலும் குண்டைத் தொடர்ந்து தள்ளுகிறது. ஓர் அங்குலம் கூடினால் நொடிக்கு 6 முதல் 8 மீட்டர் வரை வேகம் கூடும். எனவேதான் இந்த வகை ரைஃபிள்களில் 30 அங்குலக் குழல் வழக்கமாயிற்று.

அதற்கும் ஒரு விலை உண்டு. ஒரே தடிப்புள்ள தண்டு 20 அங்குலத்திலிருந்து 24 அங்குலமாக நீண்டால், முனையில் அதே விசை பட்டபோது அது வளையும் அளவு 1.73 மடங்காகிறது. நீளத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப வளைவு கூடும் என்பது பொறியியல் மாணவர்கள் அறிந்ததே. சுடும் கணத்தில் குழல் அதிர்கிறது. குண்டு வெளியேறும்போது குழல்வாய் எந்தத் திசையில் இருக்கிறதோ, அந்தத் திசையில்தான் குண்டு போகும். ஆதலால், மேசைமேல் தாங்கிவைத்து 100, 200 கெஜத்தில் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில், துல்லியம் ஒன்றையே நாடுவோர் 21, 22 அங்குலமே உள்ள தடித்த குழலைத் தேர்கிறார்கள். உலகின் மிகச் சிறிய குண்டுக் குவியல்கள் அந்தக் குட்டைக் குழல்களிலிருந்தே பிறக்கின்றன.

இனித் தோட்டாவுக்கு வருவோம். 50 மீட்டர் ரைஃபிளின் விளிம்புத் தோட்டாவை மீண்டும் நிரப்ப முடியாது. தீப்பற்றும் கலவை பித்தளை உறையின் விளிம்பிலேயே பூசப்பட்டிருக்கும்; சுடும்போது அந்த விளிம்பு நசுங்கிவிடும். நடுவில் பிரைமர் பொருத்தப்படும் பெரிய தோட்டாக்களை மட்டுமே மறுநிரப்பு செய்யலாம். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் நெடுந்தொலைவு வீரர்கள் பலர் தம் தோட்டாக்களைத் தாமே நிரப்புகிறார்கள். செலவு குறையும் என்பது அவர்கள் வீட்டாரிடம் சொல்லும் காரணம். உண்மையான காரணம், ஒவ்வொரு தோட்டாவும் முந்தையதைப் போலவே இருக்க வேண்டும் என்ற வேட்கை.

சுட்ட பித்தளை உறை, தான் விரிந்த அறையின் வடிவத்தை ஏற்றிருக்கும். அதைத் துடைத்து, அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, நீண்டுவிட்ட கழுத்தை வெட்டிச் சமன்செய்து, புதிய பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்து ஊற்றி, குண்டைக் குறித்த ஆழத்தில் அமர்த்துகிறார்கள். பலமுறை விரிந்து சுருங்கிய பித்தளை விறைத்துப்போகும். விறைத்த கழுத்து குண்டை ஒரு தோட்டாவில் இறுக்கியும் இன்னொன்றில் தளர்த்தியும் பிடிக்கும். எனவே, கழுத்தை மட்டும் சூடாக்கிப் பதப்படுத்துவதும் உண்டு. பாத்திரத் தொழிலாளர்கள் தட்டித் தட்டி விறைத்த பித்தளையை உலையில் காட்டி இளக்குவது போன்றதே இதுவும்.

மருந்தை நிறுக்கும் அலகு கிரெய்ன். தானிய மணியிலிருந்து பிறந்த அலகு அது, 64.8 மில்லிகிராம். நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி எடை அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. துல்லியம் நாடுவோர் கையாளும் தராசுகள் 0.02 கிரெய்ன் வரை காட்டும். அது மருந்தின் ஒரே ஒரு துணுக்கின் எடை. இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்கலாம். 100 கெஜத்தில் தேவையில்லை என்றே சொல்வேன். 1,000 கெஜத்தில் கதை வேறு. 308 தோட்டாவின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் வேறுபட்டால், குண்டு விழும் இடம் மேலும் கீழுமாக ஏறத்தாழ ஒரு சாண் மாறிவிடும். காற்றைச் சரியாகக் கணித்து, மூச்சை அடக்கி, விசையைப் பிசகின்றி அழுத்திய வீரரின் புள்ளியை, முந்தைய இரவு மேசையில் நேர்ந்த அலட்சியம் பறித்துக்கொள்ளும்.

புள்ளி போவதோடு முடிந்தால் நல்லது. மருந்து கூடினால் அழுத்தம் வேகத்தைவிடப் பன்மடங்கு விரைவாக உயரும். மருந்து வகை மாறிப்போனாலோ, ஓர் உறையில் இருமுறை ஊற்றிவிட்டாலோ, ரைஃபிளின் பூட்டுப் பகுதியே சிதறக்கூடும். அதன் மிக அருகில் இருப்பது சுடுபவரின் கண். இதனால்தான், பொறுப்புள்ள மறுநிரப்பாளர் மேசைமேல் ஒரே நேரத்தில் ஒரே மருந்துக் குப்பியை மட்டும் வைப்பார்; உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து மெல்ல ஏறுவார்; நண்பரின் ரைஃபிளுக்குப் பொருந்திய அளவைத் தன் ரைஃபிளுக்குக் கடன் வாங்க மாட்டார். வெயிலில் கிடந்த தோட்டாவில் அழுத்தம் இன்னும் உயரும் என்பதையும் அவர் கணக்கில் கொள்வார். மிகுந்த வேகம் தரும் அளவு மிகுந்த துல்லியம் தருவது அரிது. ஆகவே, உச்ச அளவை எட்டிப்பார்க்கும் ஆசைக்கு விளையாட்டு முறையிலும் நியாயம் இல்லை.

இத்துறையில் பெருகியிருக்கும் இன்னொரு பலவீனத்தையும் சொல்ல வேண்டும். மூன்று குண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்த காகிதத்தைப் படம்பிடித்து, தன் தோட்டாவின் பெருமைக்குச் சான்று என்று காட்டுவோர் பலர். மூன்று குண்டுகள் தற்செயலாகவும் நெருங்கி விழலாம். இருபது குண்டுகளை எண்ணிப் பார்த்தால்தான் ரைஃபிளின் உண்மையான இயல்பு புலப்படும். அமெரிக்க மருத்துவர் ஃபிராங்ளின் மான் 1909-இல் வெளியிட்ட நூலுக்காகப் பல்லாண்டுகள் சோதனை நடத்தினார். மனிதக் கையின் நடுக்கத்தை விலக்க, கான்கிரீட் மேடை ஒன்றைக் கட்டி அதில் குழலைப் பொருத்திச் சுட்டார். குண்டின் அடிப்பாகத்தில் உள்ள சிறு குறைபாடும் அது குழல்வாயைவிட்டு வெளியேறும் கணத்தில் திசையைக் கெடுக்கும் என்பதைக் காட்டியவர்களில் அவர் முன்னோடி. அந்தப் பொறுமை இன்று அருகிவிட்டது.

இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். எனவே, வீட்டு மேசையில் மறுநிரப்பு என்ற பேச்சுக்கே நம் ஊரில் இடமில்லை. 300 மீட்டர் ரைஃபிள் போட்டி 1972 மியூனிக்குடன் ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றுவிட்டதால், ஒலிம்பிக் கனவு காணும் நம் பிள்ளைகளுக்கு அது தேவைப்படுவதும் இல்லை. ஆனால் மறுநிரப்பாளர் தேடும் அதே சீர்மையை விளிம்புத் தோட்டாவில் அடைய ஒரு வழி இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் ஒரே பெயருள்ள தோட்டாவாக இருந்தாலும், தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி அது சற்றே மாறும். ஒரு ரைஃபிளுக்குப் பிடித்த தொகுதி பக்கத்து ரைஃபிளுக்குப் பிடிக்காது. பிரிட்டனின் பர்மிங்காமில் ஈலி நிறுவனமும், ஜெர்மனியின் ஷோனபெக்கில் லாபுவா நிறுவனமும் இதற்கென்றே சோதனைக் களங்கள் வைத்திருக்கின்றன. வீரர் தம் ரைஃபிளைக் கொண்டு சென்றால், அதைப் பிடிப்பானில் இறுக்கிப் பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, பொருந்தியதை வாங்கிவரலாம்.

எல்லாரும் ஐரோப்பா போக முடியாது. ஆனால் ஓர் உறுதியான பிடிப்பானும், வேகம் அளக்கும் கருவியும், 50 மீட்டர் களமும் இருந்தால், மாவட்ட ரைஃபிள் கிளப் ஒன்றே இதைச் செய்யலாம். இறக்குமதியாகும் தோட்டாவில் நாலைந்து தொகுதிகளிலிருந்து ஒவ்வொரு பெட்டி வாங்கி, உறுப்பினர்களின் ரைஃபிள்களில் தொகுதிக்கு இருபது குண்டுகள் வீதம் சுட்டுக் குறித்துவைத்து, அதன்பின் மொத்தமாக வாங்கலாம். என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு இப்போது நான் சொல்வது இதைத்தான். விலையுயர்ந்த ரைஃபிளுக்கும் சற்று மலிவானதற்கும் இடையே உள்ள பணத்தைத் தனியே எடுத்துவையுங்கள். சோதித்துத் தேர்ந்த ஒரே தொகுதியில் ஓராண்டுக்குப் போதுமான தோட்டாக்களை அதில் வாங்கிக்கொடுங்கள். குழல் எத்தனை அங்குலம் என்பதைப் பிள்ளையின் கை நீளத்தையும் தோள் வலுவையும் பார்த்துப் பயிற்சியாளர் முடிவு செய்யட்டும்.