தஹினி சாஸ்: திரிந்தால் தண்ணீர் விடுங்கள்

லெபனான், சிரியா, பாலஸ்தீனம் ஆகிய பகுதிகளில் ஃபலாஃபல் மீதும் பொரித்த மீன் மீதும் வெள்ளையாக ஊற்றித் தருகிறார்களே, அதுதான் தஹினி சாஸ். லெபனான்காரர்கள் இதைத் தரத்தோர் என்பார்கள். அங்கே ஷவர்மாவில் கோழி என்றால் பூண்டுச் சாந்து, ஆடோ மாடோ என்றால் தஹினி சாஸ் என்பது வழக்கம். நம் ஊர் ஷவர்மாவில் எல்லாவற்றுக்கும் மயோனைஸ்தான். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்த பிறகாவது, முட்டையே இல்லாத இந்தச் சாஸ் நம் சமையலறைக்கு வர வேண்டும்.

தஹினி என்பது தோல் நீக்கிய வெள்ளை எள்ளை அரைத்த விழுது. கடையில் வாங்கினால் மேலே எண்ணெய் மிதக்கும். அடிவரை நன்றாகக் கிளறிய பிறகே எடுங்கள். வீட்டில் செய்வதென்றால் ஒரு கப் எள்ளைச் சிறு தீயில் வறுத்து, மணம் வந்ததும் தட்டில் கொட்டி ஆறவிடுங்கள். சிவந்தால் கசக்கும். (காசாவில் எள்ளைக் கூடுதலாக வறுத்துச் சிவப்புத் தஹினி செய்கிறார்கள். அது கைதேர்ந்தவர்கள் வேலை.) மிக்ஸியில் முதலில் பொடியாகும். ஓரங்களை வழித்துவிட்டு, இரண்டு மூன்று ஸ்பூன் சூரியகாந்தி எண்ணெய் சேர்த்து மேலும் அரைத்தால் எள்ளின் எண்ணெயும் பிரிந்து, வழியும் விழுதாகிவிடும். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தானே.

இனி சாஸ். ஒரு பல் பூண்டை நசுக்கி, மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அரை டீஸ்பூன் உப்புடன் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பூண்டை நசுக்கும்போது அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்வதால்தான் நெடி கிளம்புகிறது. புளிப்பு அந்த நொதியை அடக்கிவிடும். மணம் மட்டும் நிற்கும். அரை கப் தஹினியில் இந்தச் சாற்றை ஊற்றிக் கலக்குங்கள்.

இங்கேதான் பலர் பயந்துவிடுகிறார்கள். நீர்த்துப்போக வேண்டிய விழுது, திரிந்ததுபோல் கட்டிதட்டி, கரண்டியோடு சேர்ந்து சுற்றும். கெட்டுப்போகவில்லை. எண்ணெயில் மிதந்துகொண்டிருந்த எள் துகள்கள், கிடைத்த கொஞ்சம் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். எண்ணெய் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். குளிர்ந்த நீரை ஒவ்வொரு கரண்டியாக விட்டு விடாமல் அடியுங்கள். ஈரம் போதுமான அளவு சேர்ந்ததும் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி நீரோடு கலக்கும். பழுப்பு விழுது கண்ணெதிரே வெளுத்து, வழவழப்பாகும். ஆறு முதல் எட்டு மேசைக்கரண்டி நீர் பிடிக்கும். தஹினிக்குத் தஹினி இது மாறும் என்பதால் அளவைவிடப் பதத்தையே நம்புங்கள்: ஊற்றினால் தோசை மாவுபோல் விழ வேண்டும்.

சுட்ட கத்தரிக்காய், வேகவைத்த காலிஃபிளவர், வறுத்த மீன் எல்லாவற்றோடும் இது சேரும். ஃப்ரிட்ஜில் நான்கு நாள் இருக்கும். இறுகினால் மறுபடி நீர் விட்டு அடித்துக்கொள்ளலாம். எள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். விருந்தினருக்குப் பரிமாறும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.