நீண்ட பிரெஞ்சுப் பெயர்ச்சொற்களின் அசைகள்

பிரெஞ்சுப் பெயர்ச்சொல் எவ்வளவு நீண்டாலும் அதன் அசைகள் பெரும்பாலும் உயிரொலியில்தான் முடியும். இரண்டு உயிர்களுக்கு நடுவே நிற்கும் ஒற்றை மெய், பின்னால் வரும் உயிரோடு சேர்ந்துவிடும். இனயம் கடற்கரையில் கடலோடிகள் இறக்கும் கட்டுமரத்தின் பெயர் ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சுக்குப் போய், அங்கே கா-த்தா-மா-ரான் என நான்கு அசையாக வழங்குகிறது. தமிழில் ‘கட்’ என்று மூடிய முதல் அசை அங்கே ‘கா’ என்று திறந்துகொண்டது. (பிரெஞ்சில் தகரம் ஒன்றுதான். தனித்து எழுதினால் தமிழ் நாக்கு மெலித்துவிடும் என்பதால் இங்கே இரட்டித்திருக்கிறது.) கடைசி மெய் மூக்கொலியில் கரைந்துபோனது.

இந்த மூக்கொலியும் அசைப்பிரிப்பைப் பொறுத்ததே. அசையை மூடும் னகரம் தன் ஒலியை இழந்து, முன்னுள்ள உயிரை மூக்கில் ஏற்றிவிடும். இந்தியாவின் பிரெஞ்சுப் பெயரில் இகரமே கேட்காது. ஆகாரமும் ஏகாரமும் கலந்த ஒரு மூக்கொலிதான் கேட்கும். ‘இனயம்’ என்பதை ரோமன் எழுத்தில் எழுதினால் அதே இரண்டு எழுத்தில்தான் தொடங்கும். ஆனால் அங்கே னகரம் இரண்டாம் அசைக்குப் போய்விடுவதால் இகரம் பிழைக்கும்.

இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்தால் ஆளுக்கொரு பக்கம் பிரியும்: ஆளுநர் அங்கே கூ-வெர்-னர். வல்லின மெய்யை அடுத்து லகரமோ ரகரமோ வந்தால் மட்டும் அந்த இணை பிரியாது. இதற்குத் தக்க சான்று, புதுச்சேரி, காரைக்கால் முதலிய தன் இந்தியப் பகுதிகளுக்குப் பிரெஞ்சு அரசு வைத்த பொதுப்பெயரில் இருக்கும் ‘எத்தாப்ளிஸ்மான்’. தமிழ்க் கண் இதை எத்-தாப்-ளிஸ்-மான் என்றே உடைக்கும். நம் யாப்பில் ஒற்று முன்னெழுத்தோடு ஒட்டியது. அசையைத் தொடங்க அதற்கு உரிமையில்லை. பிரெஞ்சிலோ எ-த்தா-ப்ளிஸ்-மான்.

எழுத்தில் இது ஐந்து அசை. நடுவிலிருக்கும் ஊமை எகரம் பேச்சில் உதிர்ந்து நான்காகிறது. மரபுச் செய்யுளில் மீண்டும் எண்ணிக்கைக்குள் வருகிறது. குற்றியலிகரத்தை அலகு பெறாமல் விடும் புலவருக்கு இந்தக் கணக்கு புரியும். இறுதியில் எழுதப்படும் டி ஒலிப்பதில்லை, பன்மைக்குச் சேர்க்கும் எஸ்ஸும் ஒலிப்பதில்லை. அழுத்தம் கடைசி அசையில் விழும். பிரெஞ்சுத் தகரம் பல்லில் நாக்குப் படும் ஒலி, அதாவது தமிழ்த் தகரத்தின் உறவு. மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகள் அதை ஆங்கில வழியில் ‘ட’ ஆக்கி, முதல் அசையையும் அழுத்துகிறார்கள். கையில் இருக்கும் ஒலியை விட்டுவிட்டுக் கடன் வாங்கும் இந்தப் பழக்கத்தைப் பல வகுப்பறைகள் திருத்துவதே இல்லை.

சொல் நீளும் விதமும் வேறு. கட்டும் மரமும் சேர்ந்து கட்டுமரம் ஆவதுபோல் அடுக்குவது பிரெஞ்சில் குறைவு. வினையடியோடு ‘மான்’ சேர்ந்தால் எத்தாப்ளிஸ்மான். அப்படிப் பிறந்த பெயர் ஆண்பால். குடியேற்றத்தைக் குறிக்கும் ‘கோலோனி’யோடு முன்னே ‘தே’, பின்னே ‘இஸ்’, ‘ஆஸியோன்’ ஒட்டினால் தே-கோ-லோ-னி-ஸா-ஸியோன், குடியேற்ற ஆட்சி நீக்கம். ஆறு அசை, பெண்பால். உயிர்களுக்கு நடுவே நிற்பதால் இதன் முதல் ஸகரம் இசட் போல அதிரும். இரண்டாவது ஸகரம் எழுத்தில் டி. புதுச்சேரியில் இச்சொல் குறிக்கும் மாற்றம் இரண்டு கட்டமாக நடந்தது: 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது.