தொப்பை மீது ஒரு வழக்கு

மதுரை ஆரப்பாளையம் டீக்கடைகளில் இந்த வழக்கு அடிக்கடி நடக்கும். “பச்சைத் தண்ணி குடிச்சாலும் உடம்பு வைக்குதுண்ணே, எங்க ஆத்தா வாகு” என்பார் பருமனானவர். “ராத்திரி பதினோரு மணிக்கு சுக்காவும் புரோட்டாவும் யாரு திங்கச் சொன்னா? வாயைக் கட்டுங்க” என்பார் ஒல்லியானவர். கூட்டம் ஒல்லியானவர் பக்கம்தான் சாயும். அது பாதிதான் நியாயம்.

அவர் பக்கம் சாட்சி இல்லாமல் இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். 2019-21இல் அது 40.4 ஆகிவிட்டது. ஆண்களில் 28.2 சதவீதம், 37 ஆனது. நாலைந்து வருடத்தில் ஒரு மாநிலத்தின் மரபணு மாறாது. மாறியது சாப்பாடும் வேலையும்தான்.

ஆனால் ஒரே தெரு, ஒரே சால்னா, ஒருவருக்கு மட்டும் ஏன் தொப்பை? டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆய்வாளர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டின் குழு ஆராய்ந்து 1986இல் முடிவை வெளியிட்டது. அவர்கள் உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போனது. சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. ஆத்தா வாகு என்பது வெறும் சாக்கு இல்லை.

அந்த ஒல்லியானவரும் இடுப்பை அளந்து பார்ப்பது நல்லது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் ‘லான்செட்’ இதழில் தன்னையே உதாரணமாக வைத்தார். அவருக்கும் பிரிட்டிஷ் நண்பர் ஜான் யுட்கினுக்கும் உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. உடம்பில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், இவருக்கு 21.2. புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளிலும் யாஜ்னிக் இதைப் பார்த்தார். சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைக்கு 3.5. சதை குறைந்திருந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. அதனால்தான் நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்பளவு தாண்டினாலே மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

இதைத் தாது வருஷப் பஞ்சத்தோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு: 1876-78இல் பிழைத்தவர்களின் உடம்பு, கொழுப்பைச் சேமிக்கப் பழகிவிட்டதாம். மரபியலாளர் ஜேம்ஸ் நீல் 1962இல் சொன்ன கருதுகோளின் மதுரைப் பதிப்பு இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. பஞ்சம் பார்க்காத தேசம் எது?

சரி, வாயைக் கட்டினால் போதுமா? அமெரிக்காவில் ஆய்வாளர் கெவின் ஹால் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார். ஆலையில் தயாரான பண்டங்கள் கிடைத்த இரண்டு வாரமும் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். வீட்டுச் சமையல் மாதிரியான உணவு கிடைத்த இரண்டு வாரத்தில் அதே ஆட்கள் அளவோடு நிறுத்தினார்கள். மன உறுதி மாறவில்லை, தட்டு மாறியது. 2019இல் வெளிவந்த இந்த முடிவைப் படித்த பிறகு, யாரையும் பார்த்து ‘வாயைக் கட்டு’ என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை.

ஆகவே நான் பார்ப்பது டீக்கடையை அல்ல, ரேஷன் கடையை. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். பசியை ஒழித்த திட்டம். அதைக் குறை சொல்பவன் பசி அறியாதவன். ஆனால் அதே கடையில் துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோதான், பாமாயில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர். மாதம் முழுக்க இதை வைத்துக் குடும்பம் நடத்தும் பெண்ணின் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு தண்ணீராகவும் இருப்பதில் என்ன ஆச்சரியம்? அவளிடம் போய் ‘தினமும் நட’ என்கிறோம், பேருந்தும் ஆட்டோவும் உரசிப்போகும் சாலையில்.

2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். மதுரைக் கடைகளிலும் கொடுக்கலாம். அதைவிட முதலில், பருப்பை மூன்று கிலோ ஆக்கலாம்.