பனங்காடை எங்கே?

பொங்கல் சமயம். சிதம்பரம் தாலுகாவில் சம்பா அறுவடை நடக்கிறது. அறுத்த வயலின் மேல் ஒரு பெரிய பறவை தாழப் பறந்து வருகிறது. இறக்கைகளைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி வரப்புக்கு வரப்பு தேடுகிறது. அதுதான் பூனைப் பருந்து. மத்திய ஆசியாவில் பனி கொட்டும் காலத்தில் நம் ஊருக்கு வரும் விருந்தாளி. வெட்டுக்கிளிதான் அதற்கு விருந்து!

பக்கத்து மின்சாரக் கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது மங்கலான பறவை. பறந்தாலோ இறக்கையில் நீலம் பளிச்சிடும். தெலுங்கானாவில் தசராவன்று இதைப் பார்ப்பது நல்ல சகுனம் என்பார்கள்.

இவையெல்லாம் என்றும் இருப்பவைதானே என்று தோன்றும். இல்லை என்கிறது கணக்கு!

30,000 பேர் எழுதிய கணக்கு

2023-ம் ஆண்டு இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வெளிவந்தது. கோவை சலீம் அலி ஆராய்ச்சி நிலையம் உள்பட 13 ஸ்தாபனங்கள் சேர்ந்து தயாரித்தவை அதன் பக்கங்கள். சுமார் 30,000 பறவைப் பிரியர்கள் எழுதிய 3 கோடிக் குறிப்புகள் அதற்கு ஆதாரம்.

புல்வெளியையே நம்பி வாழும் பறவைகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. பனங்காடை 12 வருஷங்களில் சுமார் 30 சதவிகிதம் குறைந்தது. மயிலோ பெருகிவிட்டது. இதை விவசாயிகளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1970-லிருந்து அங்கே புல்வெளிப் பறவைகள் 53 சதவிகிதம் குறைந்ததாக 2019-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

எப்படி எண்ணுகிறார்கள்?

பறக்கும் குருவியை ஒவ்வொன்றாக எண்ண முடியுமா? முடியாது. யுக்தி வேறு. ஓர் இடத்தில் கால் மணி நேரம் நின்று, கண்ணில் பட்ட பறவைகள் அனைத்தையும் எழுதவேண்டும். அப்படி எழுதிய 100 பட்டியல்களில் எத்தனையில் பனங்காடை இருக்கிறது என்று பார்ப்பார்கள். உதாரணமாக, முன்பு 40 பட்டியல்களில் இருந்தது, இப்போது 28-ல்தான் இருக்கிறது என்றால் விஷயம் புரிந்துவிடும். ஆகவே, காக்கையையும் மைனாவையும் "இது என்ன பெரிய பறவை" என்று விட்டுவிடக் கூடாது. முழுப் பட்டியலுக்குத்தான் மதிப்பு.

தமிழ்நாட்டில் 2015 முதல் வருஷந்தோறும் பொங்கல் நாட்களில் இப்படி எண்ணுகிறார்கள். 'ஈ-பேர்ட்' என்ற இணையத் தளத்தில் பட்டியலைச் சேர்க்கிறார்கள். கரும்பு கடிக்கும் நேரத்தில் கால் மணி ஒதுக்கினால் போதும்!

ஒரு வருஷம் போதாது

கடலூர் ஜில்லாவில் எண்ணுவோருக்கு ஒரு சிக்கல் உண்டு. இது புயலும் வெள்ளமும் வந்துபோகும் பூமி. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. 2015-ல் பெருவெள்ளம். மழை அதிகமான வருஷம் வயலில் தண்ணீர் நிற்கும். தரையில் இரை பொறுக்கும் வானம்பாடிக்கும் நெட்டைக்காலிக்கும் அங்கே என்ன வேலை? அவை மேட்டுக்குப் போய்விடும். அந்த வருஷம் மட்டும் பார்த்தவர் "அழிந்துவிட்டது" என்பார். மறு வருஷம் பார்த்தவர் "பெருகிவிட்டது" என்பார். இருவர் சொல்வதும் தவறு. அதே வரப்பில், அதே மாதத்தில், பத்து வருஷம் எழுதினால்தான் உண்மை பிடிபடும்.

தரிசு வீண் நிலமா?

வானம்பாடி மரத்தில் கூடு கட்டாது. புல் தூரின் அடியில், சில சமயம் மாட்டுக் குளம்பு பதிந்த குழியிலேகூட, முட்டையிடும். அதற்குத் தேவை மேய்ச்சல் புறம்போக்கு, காய்ந்த ஏரிக்கரை, புல் முளைத்த மேடு. இவற்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் தரிசு! அங்கே வேலிக்காத்தான் பரவுகிறது. இல்லாவிட்டால் சவுக்கும் தைல மரமும் நடுகிறார்கள். மரம் நடுவது புண்ணியந்தான். ஆனால் புல்வெளியில் நெருக்கமாக மரம் வைத்தால் வானம்பாடிக்கு வீடு போயிற்று.

பனங்காடையின் கஷ்டம் வேறு. பட்டுப்போன பனையின் பொந்து அதற்குப் பிரசவ அறை. பட்ட பனையை யார் விட்டுவைக்கிறார்கள்?

பூனைப் பருந்து மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்பிவிடும். அதற்குள் பார்க்க விரும்புகிறவர்கள் சிதம்பரத்திலிருந்து புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கம், உளுந்து முளைத்த வயல்களுக்கு வெயில் ஏறுமுன் போகலாம். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும்.