பின்னால் எரிமலைப் பாறை, முன்னால் நீலக்கடல், நடுவில் மணல்மேடு: ஸ்பெயினின் காபோ டி காட்டாவில் அப்படி என்ன இருக்கு?

ஸ்பெயின் என்றதும் கால்பந்தும் காளைச் சண்டையும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனா அந்நாட்டின் தென்கிழக்கு மூலையில், அல்மேரியா மாகாணத்தில், பாலைவனம் போல ஒரு கடற்கரை இருக்கு. அதுதான் 'காபோ டி காட்டா-நிஹார்' இயற்கைப் பூங்கா.

1987-ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1997-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலிலும் இடம்பிடித்தது. சுமார் 38 ஆயிரம் ஹெக்டேர் நிலத்தோடு, சுமார் 12 ஆயிரம் ஹெக்டேர் கடலும் இதில் அடக்கம்.

எரிமலை எங்கிருந்து வந்தது?

இப்போது இங்கே எந்த எரிமலையும் வெடிப்பதில்லை. சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிய வெடிப்புகளில் கொட்டிய குழம்பும் சாம்பலும் இறுகித்தான் இந்த மலைகள் உருவாயின. அவற்றில் சில வெடிப்புகள் கடலுக்கு அடியிலேயே நடந்தவை. பிறகு காற்றும் அலையும் அரிக்க அரிக்க, தூண் தூணாகவும் வளைவு வளைவாகவும் பாறைகள் மட்டும் மிஞ்சின.

மணல்மேடு எப்படி?

கடலிலிருந்து வீசும் காற்று, கரையில் உள்ள மணலை அள்ளிக்கொண்டு போய் மலைச்சரிவில் கொட்டுகிறது. மோன்சுல் கடற்கரையில் இப்படிச் சேர்ந்த மணல், பாறை மேலேயே ஏறி நிற்கும். பக்கத்து ஹெனோவேசெஸ் கடற்கரையில் செடிகளின் வேர்கள்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. செடி போனால் மணலும் போய்விடும்.

மோன்சுலை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? 1989-ல் வந்த மூன்றாவது 'இண்டியானா ஜோன்ஸ்' படத்தில், ஷான் கானரி குடையை விரித்துப் பறவைகளைக் கலைப்பாரே, அந்தக் காட்சியை எடுத்தது இங்கேதான்.

ஓட்டல்களே இல்லையே, ஏன்?

இவ்வளவு அழகான இடத்தில் சொகுசு விடுதிகள் வரிசை கட்டாததற்கு ஒரு பெண் முக்கியக் காரணம். ஹெனோவேசெஸ், மோன்சுல் பகுதி நிலங்கள் பிரான்சிஸ்கா தியாஸ் டோரஸ் என்பவருக்குச் சொந்தமாக இருந்தன. 'டோன்யா பகீட்டா' என்று ஊரே அழைத்த அவர், கட்டுமான நிறுவனங்கள் கேட்டும் நிலத்தை விற்கவில்லை. 2014-ல் 100 வயதைக் கடந்து காலமானார்.

நேர்மாறான கதையும் இதே பூங்காவில் உண்டு. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்துக்காக அகாபா நகர செட் போடப்பட்ட அல்காரோபிகோ கடற்கரையில், 2003-ல் பிரமாண்ட ஓட்டல் கட்டத் தொடங்கினார்கள். கிட்டத்தட்ட கட்டி முடிந்த நிலையில், 2006-ல் நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. அந்த நிலத்தில் கட்டவே கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்த 400-க்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட கட்டடம் காலியாகவே நின்றது. கட்டுவதற்குச் சில ஆண்டுகள் போதும். அகற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

* ஐரோப்பாவிலேயே மழை மிகக் குறைவான பகுதிகளில் இதுவும் ஒன்று. நிழலும் மிகக் குறைவு. தண்ணீர், தொப்பி கட்டாயம். வசந்தகாலமோ இலையுதிர்காலமோ நடப்பதற்கு நல்லது.

* மோன்சுல், ஹெனோவேசெஸ் கரைகளுக்கு சான் ஹோசே என்ற சிற்றூரிலிருந்து மண்பாதையில் போகணும். கோடையில் கார்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. பேருந்து வசதி இருக்கும்.

* கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில் உப்பளங்கள் வரும். அங்கே பூநாரைகளைப் பார்க்கலாம்.

* மணல்மேட்டில் செடிகளை மிதிக்காமல், போட்டிருக்கும் பாதையிலேயே நடங்க. நினைவுக்காக ஒரு கல், ஒரு பிடி மணல் என்று எடுத்து வர வேண்டாம். ஆளுக்கொரு பிடி எடுத்தால், அடுத்து வருகிறவர்களுக்குப் பார்க்க எதுவும் மிஞ்சாது.